ஆடிய நிமிடங்களே கணக்கு: தொழில்முறைக் கால்பந்தில் நுழைவோருக்கு ஒரு வழிகாட்டி

தொழில்முறைக் கால்பந்தில் நுழைய நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்த கிளப் பெரியது?" இளையோர் அணிகளுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்த பழக்கத்தில், நான் அதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை, "எந்த கிளப்பில் உனக்கு ஆட்டம் கிடைக்கும்?" என்று திருப்பிக் கேட்பேன். ஒரு வீரரின் தொழில் வாழ்க்கை பதினைந்து ஆண்டுகள் நீண்டால் அதுவே பெரும் பேறு. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவர் எடுக்க வேண்டிய பெரிய முடிவுகள் ஏழோ எட்டோதான் இருக்கும். ஒவ்வொரு முடிவிலும், சம்பளத்தையும் பெயரையும் பார்ப்பதற்கு முன்னால் அடுத்த சீசனில் எத்தனை நிமிடங்கள் களத்தில் இருப்போம் என்று கணக்குப் போடப் பழகியவர்களே நீடித்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: அகாதமியைத் தேர்ந்தெடுப்பது

கிளப்புகள் நடத்தும் அகாதமிகளில் பிள்ளைகள் எட்டு, ஒன்பது வயதிலேயே சேர்க்கப்படுகிறார்கள். அங்கே பயிற்சியின் தரம் முக்கியந்தான். ஆனால் வார இறுதி ஆட்டத்தில் உங்கள் பிள்ளை முழுப் பாதி ஆடுகிறானா அல்லது கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் இறக்கப்படுகிறானா என்பதையும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். தேதி, எதிரணி, ஆடிய நிமிடம், ஆடிய இடம் ஆகிய நான்கையும் ஓராண்டு எழுதி வந்தால், அகாதமி நிர்வாகி சொல்லும் இனிப்பான வார்த்தைகளுக்கும் நடப்பதற்கும் உள்ள தூரம் தானாகத் தெரிந்துவிடும்.

இந்த வயதில் ஒதுக்கப்படும் பிள்ளைகளில் பலர் திறமையில் குறைந்தவர்கள் அல்லர், பிறந்த மாதத்தில் பின்தங்கியவர்கள். வயதுப் பிரிவுக்கு வைக்கப்படும் எல்லைத் தேதிக்குப் பின் உடனே பிறந்தவர், அதே பிரிவில் கடைசியில் பிறந்தவரைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவராக இருப்பார். பன்னிரண்டு வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் வேகத்திலும் வெளிப்படையாகத் தெரியும் வித்தியாசம். அகாதமிகளில் எல்லைத் தேதியை ஒட்டிய முதல் மாதங்களில் பிறந்தவர்கள் எண்ணிக்கையில் மிகுந்திருப்பது பல நாடுகளில் ஆராயப்பட்டு உறுதியான செய்தி. ஆகவே பதினைந்து, பதினாறு வயதில் "உடல் போதவில்லை" என்று வெளியே அனுப்பப்பட்டால், ஆட்டம் கிடைக்கும் கீழ்நிலை அணி ஒன்றில் உடனே சேர்ந்துவிடுவதே செய்ய வேண்டிய காரியம். ஜேமி வார்டி பதினாறு வயதில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதன் பிறகு லீக் அமைப்புக்குக் கீழே இருந்த அணிகளில் ஆண்டுக்கணக்காக ஆடி, 25 வயதில் 2012இல் லெஸ்டர் சிட்டிக்கு வந்தார். 2015–16 சீசனில் பிரீமியர் லீக் பட்டம் வென்றார். இப்படிப்பட்ட கதை அபூர்வம். இதை நம்பிப் படிப்பை விட்டுவிடக் கூடாது. ஆனால் அவர் அந்தக் காலத்தில் ஒரு பெரிய கிளப்பின் இரண்டாம் அணிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கவில்லை, வாரந்தோறும் பெரியவர்களோடு முட்டிமோதி ஆடிக்கொண்டிருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

பள்ளிப் படிப்பைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: அகாதமியில் சேர்வோரில் மிகச் சிலரே தொழில்முறை ஒப்பந்தம் பெறுகிறார்கள் என்பதால், பாடப் புத்தகத்தை மூடச் சொல்லும் அகாதமியை விட்டு விலகிவிடுங்கள்.

இரண்டாம் படி: தேர்வு ஆட்டத்தில் என்ன பார்க்கப்படுகிறது

தேர்வுக்கு வருகிற பிள்ளை பெரும்பாலும் பந்து காலில் இருக்கும்போது தன் வித்தை முழுவதையும் காட்டிவிட நினைக்கிறான். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு வீரரின் காலில் பந்து இருக்கும் நேரம் மொத்தமாகச் சேர்த்தாலும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது. மீதி நேரமெல்லாம் அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் அனுபவமுள்ள தேர்வாளர் பார்ப்பார்.

நடுக்கள வீரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பின்களத்திலிருந்து அவரை நோக்கிப் பந்து உருண்டு வருகிறது. அது வந்து சேர இரண்டு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு விநாடியில் சாதாரண வீரர் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தேறியவர் பந்து கிளம்பும் முன்பே வலது தோளுக்கு மேலாக ஒரு முறை பின்னால் பார்த்திருப்பார். பந்து பாதி வழியில் இருக்கும்போது இடது தோள் பக்கம் இன்னொரு முறை பார்ப்பார். உடலைப் பாதி திருப்பி நின்று, பந்து வரும் பக்கத்துக்கு அப்பால் உள்ள காலால் அதை வாங்குவார். வாங்கும் போதே முகம் எதிரணியின் கோலை நோக்கியிருக்கும். நெருக்க வருகிற எதிரணி ஆட்டக்காரர் ஓரடி தாமதித்துவிடுவார். கைதட்டல் எழாத இந்தச் சிறு காரியத்தைச் சுவரில் பந்தை உதைத்துத் தனியாகவே பழகலாம்: ஒவ்வொரு முறை பந்து திரும்பி வரும்போதும் பின்னால் நிற்கும் நண்பர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

பந்தைப் பறிகொடுத்த அடுத்த ஐந்து விநாடியும் அதே அளவு கவனிக்கப்படும். கைகளை விரித்து நடுவரைப் பார்ப்பவர், தலைகுனிந்து நடப்பவர், உடனே திரும்பி ஓடுபவர் என்று மூன்று வகை உண்டு. தேர்வாளரின் குறிப்பேட்டில் மூன்றாமவர் பெயர்தான் ஏறும்.

மூன்றாம் படி: முதல் ஒப்பந்தம்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். களத்தில் நேரும் தவறுகளை அடுத்த ஆட்டத்தில் சரிசெய்யலாம். ஒப்பந்தத்தில் நேரும் தவறு ஆண்டுக்கணக்கில் உடன் வரும்.

வீரர்களின் நிலையும் மாற்றமும் குறித்த ஃபிஃபா விதிகளின்படி, தொழில்முறை ஒப்பந்தம் குறைந்தபட்சம் அந்த சீசன் முடியும் வரையிலும் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் வரையிலும் இருக்கலாம். நாட்டுச் சட்டம் அனுமதித்தால் மட்டுமே இது மாறும். 18 வயது நிரம்பாதவர் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போடுவதும் அதே விதிகளில் தடுக்கப்பட்டிருக்கிறது; பரிசோதனையை கிளப் கையெழுத்துக்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு "முழங்கால் சரியில்லை" என்று ஒப்பந்தத்தைத் தூக்கிப்போடும் கிளப்பிடம் இந்த விதியைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதைத் தாண்டிப் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. "ஆட்ட ஊக்கத்தொகை" என்று எழுதியிருந்தால், அது முதல் பதினொருவரில் இடம்பெற்றால் மட்டுமா, மாற்று வீரராக இறங்கினாலும் உண்டா, இறங்காமல் பெஞ்சில் இருந்தாலும் உண்டா என்று கேளுங்கள். மூன்றுக்கும் மூன்று விதமான தொகை வரும். அணி கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டால் சம்பளம் குறையும் என்ற வரி இருக்கிறதா, இருந்தால் மேலே ஏறினால் கூடும் என்ற வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். விடுவிப்புத் தொகை குறிக்கப்பட்டிருந்தால், அந்தத் தொகையைக் கட்டும் எந்த கிளப்பும் வீரரின் சம்மதத்தோடு அவரைக் கொண்டுபோகலாம். 2017இல் நெய்மர் 22.2 கோடி யூரோவுக்கு பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னுக்குப் போனது இப்படித்தான். புதியவரைப் பொறுத்தவரை அந்தத் தொகை எட்ட முடியாத உயரத்தில் இருந்தால் அது கதவு அல்ல, சுவர்.

என்னிடம் பயின்ற ஒருவன் இரண்டாண்டு ஒப்பந்தம் என்று நம்பிக் கையெழுத்திட்டான். நான்காம் பக்கத்தில், கிளப் விரும்பினால் அதே சம்பளத்தில் மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது; வீரர் விரும்பினால் நீட்டிக்கலாம் என்று இல்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் அவனை முதல் அணியில் ஆடவைக்கத் தயாராக இருந்த வேறொரு கிளப் கேட்டது. பழைய கிளப் நீட்டித்துக்கொண்டது. அவன் மூன்றாம் ஆண்டு முழுவதையும் பயிற்சி மைதானத்திலேயே கழித்தான். அந்த வரியைக் கவனிக்காமல் விட்டதில் எனக்கும் பங்குண்டு. ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள் என்று சொல்லாமல் நானே மேலோட்டமாகப் படித்துத் தலையசைத்தேன்.

சம்பளம் வராமல் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே அறிந்துவைத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்தை கிளப் உரிய தேதியில் கொடுக்காவிட்டால், வீரர் எழுத்து மூலம் அறிவித்து, பாக்கியைச் செலுத்தக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும்; அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் தக்க காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வாய்மொழியாகவோ தொலைபேசியிலோ கேட்டுக்கொண்டே இருப்பது கணக்கில் சேராது. வேறு நாட்டு கிளப்போடு தகராறு என்றால் ஃபிஃபாவின் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால் வழக்கு எடுக்கப்படாது. உங்கள் நாட்டில் வீரர் சங்கம் இருந்தால் முதல் ஒப்பந்தம் கிடைத்த வாரத்திலேயே உறுப்பினராகிவிடுங்கள்.

பெண் வீரர்கள் இன்னொரு பக்கத்தையும் படிக்க வேண்டும். 2021 ஜனவரி முதல், சம்பளத்துடன் கூடிய குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பு ஃபிஃபா விதிகளில் உறுதிசெய்யப்பட்டிருக்கிறது; கருவுற்றதைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கவும் முடியாது. ஐஸ்லாந்து வீராங்கனை சாரா ப்யோர்க் குன்னர்ஸ்தோத்திர், கருவுற்ற காலத்துச் சம்பள பாக்கிக்காக லியோன் கிளப் மீது ஃபிஃபாவிடம் முறையிட்டு வென்றிருக்கிறார்.

நான்காம் படி: முகவர்

வீரருக்காக கிளப்புகளோடு பேசி ஒப்பந்தம் முடித்துத் தரும் முகவர் இருந்தே ஆக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. வைத்துக்கொள்வதானால், அவர் ஃபிஃபாவின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். 2023 முதல் இது கட்டாயம். வீரரோடு செய்யும் முகவர் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல முகவரா என்று அறிய எளிய வழி, அவரிடம் இப்போது இருக்கும் இருபது வயதுக்கு உட்பட்ட வீரர்கள் கடந்த சீசனில் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று கேட்பது. பெரிய நட்சத்திரத்தோடு எடுத்த புகைப்படத்தை முதலில் காட்டுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வெளிநாட்டு கிளப்பில் இடம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களின் நாடு விட்டு நாடு மாற்றத்தை ஃபிஃபா பொதுவாகத் தடைசெய்திருக்கிறது. கால்பந்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் இடம் பெயர்ந்திருப்பது, எல்லையோரத்தில் வசிப்பது, ஐரோப்பிய ஒன்றியப் பகுதிக்குள் 16 முதல் 18 வயதினர் மாறுவது போன்ற சில விலக்குகளே உண்டு. ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கடல் கடந்து ஒப்பந்தம் தயார் என்று எவராவது சொன்னால், அவருக்கு விதி தெரியாது அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாம் படி: பெஞ்சும் லோனும்

ஒப்பந்தம் கையில் வந்தவுடன் களத்தில் இடம் வந்துவிடாது. ஒரு ஆட்டத்தில் மூன்றாக இருந்த மாற்று வீரர்களின் எண்ணிக்கை 2020இல் தற்காலிகமாக ஐந்தாக உயர்ந்து, 2022இல் ஆட்ட விதிகளில் நிலைபெற்றதால், இளையவர்களுக்கு முன்பைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. ஆனாலும் பத்துப் பத்து நிமிடமாகத் துண்டு துண்டாக ஆடுவது, தொண்ணூறு நிமிடத்தின் களைப்பில் முடிவெடுக்கக் கற்றுத்தராது.

அதனால்தான் வேறு கிளப்புக்கு லோனில், அதாவது ஒப்பந்தம் இங்கேயே இருக்கத் தற்காலிகமாக அங்கே ஆட, போவதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். ஹேரி கேன் டாட்டன்ஹாமிலிருந்து லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நான்கு கிளப்புகளுக்கு லோனில் அனுப்பப்பட்டவர். 2013இல் லெஸ்டரின் மாற்று வீரர் பெஞ்சில் அவரும் வார்டியும் ஒன்றாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். பத்தாண்டு கழித்து கேன் இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவரானார். லூகா மோட்ரிச்சும் தினமோ ஸாக்ரெபிலிருந்து 2003இல் ஸ்ரின்ஸ்கி மோஸ்தார் அணிக்கு லோனில் போய், கரடுமுரடான ஆட்டங்களில் பழகித் திரும்பியவர். 2018இல் உலகின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருது பெற்றார்.

லோனுக்குச் சம்மதிக்கும் முன் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் இடத்தில் அங்கே ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்? உங்களைக் கேட்டது அந்த அணியின் பயிற்சியாளரா, அல்லது கிளப் நிர்வாகிகள் மட்டத்தில் முடிந்த ஏற்பாடா? ஆட்டம் கிடைக்காவிட்டால் ஜனவரி போன்ற இடைக்கால மாற்றக் காலத்தில் திரும்ப அழைத்துக்கொள்ள வழி எழுதப்பட்டிருக்கிறதா? இவற்றில் இரண்டாவதைக் கேட்கத்தான் பலர் கூச்சப்படுகிறார்கள். பயிற்சியாளரோடு ஐந்து நிமிடம் பேசினாலே விடை தெரிந்துவிடும்.

ஆறாம் படி: உடல்

தொழில்முறை ஆண்கள் கால்பந்தில் மிக அதிகமாக நேரும் காயம் தொடைப் பின்தசைப் பிடிப்பும் கிழிவும்தான். முழு வேக ஓட்டத்தில் அது வருகிறது. ஓய்வு எடுத்தால் வலி போய்விடும், ஆனால் தசையின் வலிமை திரும்பியிருக்காது, அதனால் அதே இடத்தில் மறுபடி கிழியும். மண்டியிட்டு, கணுக்கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாயும் பயிற்சியை வாரந்தோறும் விடாமல் செய்வது இதைக் குறைக்கும். ஃபிஃபா 11+ என்னும் தயார்ப் பயிற்சித் தொகுப்பு இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்; வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் கிழிந்தால் அவசரம் கூடவே கூடாது. அறுவைக்குப் பின் ஒன்பது மாதத்துக்கு முன்னால் களத்துக்குத் திரும்புவோருக்கு மறுபடி கிழியும் ஆபத்து மிக அதிகம். ஆடிய நிமிடங்களைக் கணக்கிடச் சொல்லிவந்த நானே இந்த ஓர் இடத்தில் கணக்கை மூடிவைக்கச் சொல்கிறேன்: அவசரப்பட்டுச் சேர்த்த முந்நூறு நிமிடம் பின்னால் மூவாயிரம் நிமிடத்தைத் தின்றுவிடும். மூன்று முறை பலோன் தோர் வென்ற மார்கோ வான் பாஸ்டன், கணுக்கால் காயத்தால் கடைசியாக ஆடியது 1993இல், 28 வயதில்.

தலையில் அடிபட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. "நன்றாக இருக்கிறேன்" என்று வீரர் சொல்வதை அந்த நேரத்தில் யாரும் கேட்கக் கூடாது. 2017 ஜனவரியில் மண்டையோடு உடைந்த ரையன் மேசன் 26 வயதில் ஓய்வு பெற நேர்ந்தது. இதயப் பரிசோதனையையும் ஆண்டுதோறும் தவறாமல் செய்துகொள்ளுங்கள். 2021 ஜூன் 12 அன்று களத்திலேயே இதயம் நின்று விழுந்த கிறிஸ்டியன் எரிக்சன், இதயத் துடிப்பைக் காக்க உடலில் பொருத்தப்பட்ட கருவியோடு மறு ஆண்டே திரும்பி வந்து ஆடினார். களத்தருகே நின்ற இதயத்தை இயக்கும் மின்அதிர்ச்சிக் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவர்களும் இருந்ததே அதற்குக் காரணம். உங்கள் மைதானத்தில் அந்தக் கருவி எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

ஊக்கமருந்து பற்றிய விதி கடுமையானது: உடலில் இருக்கும் தடைசெய்யப்பட்ட பொருள் எதுவாயினும், எப்படி வந்ததாயினும் பொறுப்பு வீரருடையது. மனைவியின் எடைக்குறைப்பு மாத்திரையை விழுங்கிய கோலோ டூரே 2011இல் ஆறு மாதத் தடை பெற்றார். பரிசோதனைக்கு வராமல் போனதற்காகவே ரியோ ஃபெர்டினாண்டுக்கு எட்டு மாதம் போனது. பந்தயம் கட்டுவதும் அப்படியே; 2023இல் ஐவன் டோனிக்கு எட்டு மாதமும் சாண்ட்ரோ டொனாலிக்குப் பத்து மாதமும் தடை விழுந்தன. இவற்றில் நல்ல நோக்கம், அறியாமை எதுவும் முழு விலக்கு ஆகாது.

ஏழாம் படி: கிளப் மாறுவது

இன்று ஒப்பந்தம் முடிந்த வீரர் தன் விருப்பப்படி போகலாம் என்பது இயல்பாகத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் தொகை கேட்டு வீரரை முடக்கிவைக்க முடிந்தது. 1990இல் பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்போடு ஒப்பந்தம் முடிந்து பிரான்சின் டன்கெர்க் கிளப்புக்குப் போக முடியாமல் தவித்த ழான் மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று தந்த தீர்ப்பு அதை மாற்றியது. அதனால் அதிகம் பயனடைந்தவர்கள் அவருக்குப் பின் வந்தவர்களே; அவருடைய சொந்த ஆட்ட வாழ்க்கை வழக்கிலேயே கரைந்துபோனது.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு அடுத்த ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆகவே கடைசி ஆண்டு தொடங்கும்போதே முடிவெடுக்கத் தொடங்குங்கள். ஒரே சீசனில் மூன்று கிளப்புகளில் பதிவு செய்யலாம். பொதுவாக இரண்டுக்கு மட்டுமே அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம் என்பதை மறந்து அவசரமாக மாறினால் அரை சீசன் வீணாகும்.

பெற்றோருக்கு ஒரு வேலை இருக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து பிள்ளை எந்தெந்த ஆண்டில் எந்த கிளப்பில் பதிவாகியிருந்தான் என்ற சான்றுகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். வீரர் பின்னாளில் நாடு விட்டு நாடு விலைபோகும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கிடப்படும். முதன்முதல் பந்து உதைக்கச் சொல்லித்தந்த சின்னஞ்சிறு கிளப்புக்கு அந்தப் பங்கு பல ஆண்டுச் செலவுக்கு வரும். பதிவு இல்லாமல் போனால் வராது.

எட்டாம் படி: கடைசி ஆண்டுகள்

முப்பதைத் தாண்டியதும் ஒப்பந்தங்கள் ஓராண்டாகச் சுருங்கும். கோல்கீப்பர்கள் விதிவிலக்கு, ஜான்லூயிஜி புஃபோன் 2023இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு 45 வயது. மற்றவர்கள் வேகம் குறையும்போது இடத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக வேண்டும்: பக்கவாட்டில் ஓடியவர் நடுவுக்கு வரலாம், நடுக்களத்தில் இருந்தவர் பின்களத்துக்கு இறங்கலாம். இந்த வயதில் பெரிய கிளப்பின் மூன்றாம் மாற்று வீரராக இருப்பதைவிட, ஒரு பிரிவு கீழே இறங்கி வாரந்தோறும் ஆடுவது உடலுக்கும் மனத்துக்கும் நல்லது என்பது என் கருத்து. சம்பளத்தில் அது இழப்பாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

பயிற்சியாளர் உரிமத்தின் கீழ்நிலைப் படிப்புகளை ஆடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள். மேசன் 26 வயதில் ஓய்வு பெற்று, 29 வயதில் டாட்டன்ஹாமின் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளராக நின்றது, காயத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகளை இளையோர் அணிகளோடு கழித்ததால்தான். பயிற்சியில் நாட்டமில்லாதவர்களுக்குத் தேர்வாளர், உடற்பயிற்சியாளர், ஆட்டப் பகுப்பாய்வாளர், வீரர் சங்கப் பணி என்று வேறு வழிகளும் உண்டு.

கடைசி ஒப்பந்தம் முடியும் வாரத்தில் கிளப் மருத்துவரிடம் உங்கள் மருத்துவக் கோப்பின் முழு நகலையும் கேட்டு வாங்குங்கள்: ஸ்கேன் படங்கள், அறுவைக் குறிப்புகள், போட்ட ஊசிகளின் பட்டியல், தலையில் அடிபட்ட தேதிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஐம்பது வயதில் முழங்கால் வலிக்கும்போது புதிய மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்; அதற்குள் அந்த கிளப்பில் உங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்.